ராஜாவோட அக்கா வெட்டின மஞ்சப் பூசணி

கதைன்னா ராஜா வருவான், ராணி வருவா, கடல் தாண்டி ஒரு கிளிகூட வந்துடும். ராஜாவோட அக்காவை மட்டும் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. இன்னைக்கு அவளைத்தான் கூப்பிடப் போறேன். நீ ம் கொட்டிக்கிட்டே வா. நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு அக்கா. பேரு செண்பகவடிவு. அரண்மனைக் களஞ்சியத்தோட சாவி அவ இடுப்புலதான் தொங்கும். அரிசியோ வெல்லமோ நெய்யோ, ராஜாவே ஆனாலும் அவளைக் கேட்டுத்தான் எடுக்கணும். களஞ்சியம் இருந்தது மாடியில. அவளுக்கு அதிரசம்னா உயிர். சட்டியோட உக்காந்தா சட்டியை மட்டும்தான் திருப்பித் தருவா. அப்புறம் என்ன ஆகும்? உடம்பு பெருத்துது. முட்டி ரெண்டும் பலாக்காயா வீங்கிச்சு. நடந்தா மடக், மடக். படியில கால வெச்சா, "ஐயோ அம்மா!"

ம்?

"ம்."

அப்போ அவ தம்பி பொண்டாட்டி ராணி பூங்காவனம், ராஜா காதுல ஓதினா: "அண்ணியால மாடி ஏற முடியல. சாவியை எங்கிட்ட வாங்கிக் குடுங்க."

ராஜா நல்லவன்தான். முதுகெலும்பைத்தான் எங்கயோ கழட்டி வெச்சுட்டான். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே வந்தான். "அக்கா, பொங்கலுக்குள்ள நீ மாடி ஏறிட்டா சாவி உனக்கு. இல்லேன்னா அவளுக்கு."

"டேய் தம்பி, புருஷன் இல்ல, புள்ள இல்ல. இந்தச் சாவியும் போனா இந்த வீட்ல எனக்கு என்னடா மரியாதை? மூலையில முக்காலியா கிடக்கவா?"

தம்பி வைத்தியருங்களைத் தேடி ஆள் அனுப்பினான்.

அப்புறம் முதல் வைத்தியர் வந்தார். "பட்டினி கிட, பாரம் குறையும்"னார். கிடந்தா. சாயங்காலம் தொப்புனு விழுந்தா. தூக்க வந்த காவக்காரங்களும் தொப்பு, தொப்பு.

அப்புறம் ரெண்டாமத்தவர் வந்து, முட்டியில எண்ணெயை ஊத்தி சளக் சளக்குனு தேச்சார். எழுந்தவ வழுக்கினா பாரு, சர்ர்ர்ருனு சமையக்கட்டு வரைக்கும் போயி அதிரசச் சட்டிகிட்ட நின்னா. "மருந்து வேலை செய்யுதே!"ன்னா.

மூணாமத்தவர்தான் உருப்படியாப் பேசினார். "தாயி, அதிரசத்தை விடு. முருங்கைக்கீரை தின்னு, மஞ்சப் பூசணி தின்னு. அந்த நிறத்துல இருக்கிற சத்து, உள்ள கனன்றுகிட்டிருக்கிற வீக்கத்தைத் தணிக்கும்."

பூசணி வண்டி வண்டியா வந்துது. ஆனா முழுப் பூசணியைப் பொம்பளை வெட்டக்கூடாதுன்னு அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஆம்பளை கத்தி வெச்ச பிறகுதான் அவ தொடணும். பூங்காவனம் என்ன பண்ணா? "எந்த ஆம்பளையாவது பூசணியில கை வெச்சீங்க, தொலைச்சிடுவேன்!"ன்னா. அவ்வளவுதான். வாள் சுத்துற தளபதிகூட, "எனக்குக் கை சுளுக்கு"ன்னு ஓடிட்டான்.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல. அப்புறம்?"

அப்புறம் செண்பகவடிவு அரிவாள்மனையை இழுத்துப் போட்டா. சதக்! வானம் இடிஞ்சு விழுந்துதா? இல்ல. பூசணி ரெண்டா விழுந்துது. வெறுமன வேகவெச்சதை வாயில போட்டுட்டு, "தூ! இதை மாடுகூட மோந்துட்டுப் போயிடும்"னு நல்லெண்ணெய் விட்டுத் தாளிச்சா. நாக்குக்காகத்தான் தாளிச்சா. ஆனா அந்தச் சத்து எண்ணெயிலதான் கரையும், எண்ணெய் இருந்தாத்தான் உடம்புல சேரும். அது அவளுக்கும் தெரியாது, பூசணிக்கும் தெரியாது.

காலையில பூசணி, மத்தியானம் பூசணி, ராத்திரி பூசணி. தின்னு தின்னு உள்ளங்கை மஞ்சளாச்சு, உள்ளங்கால் மஞ்சளாச்சு, மூக்கு நுனிகூட மஞ்சளாச்சு.

பூங்காவனம் கூவினா: "பாத்தீங்களா! பொம்பளை பூசணி வெட்டினா காமாலை வரும்னு சொன்னாங்களே, வந்துடுச்சு! கூப்பிடுங்க காமாலைக்குச் சூடு போடுறவனை!"

சூட்டுக்கோல் வந்துது. அடுப்புல பழுத்துச் செக்கச்செவேல்னு, தண்ணியில தொட்டா ஸ்ஸ்ஸ்!

"அடப் பாவிகளா, கண்ணைப் பாருங்கடா! காமாலைன்னா கண்ணுல்ல மஞ்சளாகும்? என் கண்ணு தும்பைப்பூவா வெளுத்துக் கிடக்கு!"

யாரு கேட்டா? கோலோட கிட்ட வந்தான். அவ புடவையைத் தூக்கிச் செருகினா. எடுத்தா ஓட்டம். திடுதிடுதிடுதிடு! பின்னால சூட்டுக்கோல்காரன், அவன் பின்னால ராணி, அவ பின்னால, "அக்கா, மெதுவா!"ன்னு ராஜா. ஒரு கதவுக்குள்ள பூந்து, படார்னு சாத்தித் தாப்பாப் போட்டா.

டம் டம்முனு கதவைத் தட்டுற சத்தம்.

வெளியில இருந்து ராஜா மூச்சு வாங்கக் கேட்டான். "அக்கா... நீ இப்ப எங்க இருக்க?"

அவ சுத்திப் பாத்தா. அரிசி மூட்டை. வெல்லப் பானை. குனிஞ்சு முட்டியைத் தடவினா. மடக்குன்னு ஒரு சத்தம் இல்ல.

"களஞ்சியத்துலடா, தம்பி. மாடியில. பொங்கலுக்கு இன்னும் நாள் கிடக்கு."

பூங்காவனம் சூட்டுக்கோல்காரனைத் திரும்பிப் பாத்தா. "சரி... கீழ போலாம்"னா.

அதுக்கப்புறம் செண்பகவடிவு கொடியிடையாளா ஆயிடல. ரவிக்கை கொஞ்சம் தொளதொளத்துது, அவ்வளவுதான். வீக்கம் வடிஞ்சது பூசணியாலயா, அதிரசம் நின்னதாலயான்னு வைத்தியருங்க சண்டை போட்டாங்க. ரெண்டும்தான்னு அவ சொன்னா. அளவாத் தின்ன ஆரம்பிச்சதும் கை பழைய நிறத்துக்கு வந்துது. கல்யாணம் பண்ணிக்கல. சாவியைக் குடுக்கல. கிழவியாகி, வயிறாரச் சாப்பிட்ட ஒரு மத்தியானம் செத்துப்போனா.

கதை போயாச்சு, வாசக்கதவு சாத்தியாச்சு. கண்ணையும் சாத்து.