யாளிக்குச் செங்கமலம் சொன்ன சொல்

முன்னொரு காலத்திலே, சொன்ன சொல்லெல்லாம் அப்படியே பலித்துவிடும் காலத்திலே, ஒரு கருங்கல் கோட்டையில் மாயகண்டன் என்கிற மந்திரவாதி இருந்தான். அவன் பெண்டாட்டி செங்கமலம். வாழ வந்தபோது நல்ல உயரம். ஆனால் அநியாயத்தைக் கேளுங்கள்! "நான் இல்லாட்டி நீ யாருடி?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் அவள் குறுகிப்போவாள். கேட்டுக் கேட்டு, குறுகிக் குறுகி, ஒரு சாண் ஆகிவிட்டாள் பாவம். இன்னும் கொஞ்சம் போனால் ஆளே மிஞ்ச மாட்டாள்.

ஒருநாள் காலை கிளம்பிவிட்டாள். வாசலில் காவலுக்கு ஒரு கல் யாளி. அது யாரையும் தடுக்காது. ஒன்றே ஒன்று கேட்கும்: "என்ன சொல்லிட்டுப் போறே?"

"போயிட்டு வரேன்."

ஆலமரம் வரை போனாள். கால் தானாகத் திரும்பி அவளைக் கோட்டைக்கே கொண்டுவந்துவிட்டது. "நான் இல்லாட்டி நீ யாருடி?" என்று சிரித்தான் மாயகண்டன். இன்னும் குறுகினாள்.

மறுநாளும், "போயிட்டு வரேன்." ஆற்றங்கரை வரை போனாள். அதே கால், அதே சிரிப்பு, அதே கேள்வி. இப்போது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் யாளியிடமே சண்டைக்குப் போனாள். "ஏன் என்னைத் திருப்பித் திருப்பி இழுக்கிறே?"

"நல்லாயிருக்கே கதை! வரேன்னு வாக்குக் கொடுத்தது யாரு தாயி? அதைக் காப்பாத்துறதுதானே என் வேலை!"

செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசல் தாண்டும்போது 'போறேன்' என்று யாராவது சொல்வார்களா? அபசகுனமாச்சே! பயமாக இருந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

"போறேன்!" என்றாள்.

எட்டு வைக்க வைக்க வளர்ந்தாள். மாயகண்டன் தலைதெறிக்க ஓடிவந்தான். "நில்லுடி! நான் இல்லாட்டி நீ யாரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "செங்கமலம்!"

அந்தக் கேள்விக்கு அதுவரை யாருமே பதில் சொன்னதில்லை. மந்திரம் பொடிப்பொடியானது. கத்திக் கத்தி அவனே குறுகி, கோட்டைச் சுவரின் விரிசலுக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

ஆற்றுக்கு அக்கரையில் செங்கமலம் தன் கையாலேயே ஒரு வீடு கட்டினாள். சுடச்சுடப் பொங்கி முதல் கவளத்தைத் தானே தின்றாள். தோன்றியபோதெல்லாம் வாய்விட்டுப் பாடினாள். அப்பாடா, என்ன சுகம்!

வழிப்போக்கர்கள் கேட்பார்கள்: "தனியாவா இருக்கே? துணைக்கு யாரும்மா?"

"ஏன், நான் இருக்கேனே!" என்பாள்.

அவள் அங்கே சௌக்கியம். கதை கேட்ட நீங்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்!