பொய் என்று எழுதிய வினைச்சொல்

"இந்த ஸ்பானிஷ்காரங்களுக்கு இலக்கணம்னா என்னன்னே தெரியலை, டீச்சரம்மா."

மாசிலாமணி ஐயா நோட்டை மேசைமேல் போட்டார். வயது அறுபத்து மூன்று. முப்பத்தாறு வருஷம் காரைக்காலில் தமிழாசிரியர். ஒரு ஒற்று விட்டுப்போனாலும் விடமாட்டார்.

அவர் டீச்சரம்மா என்று அழைத்த நஸ்ரினுக்கு வயது இருபத்தைந்து. மருந்துக்கடை மாடியில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறாள்.

"என்ன ஆச்சு, ஐயா?"

"ஸ்பானிஷ்ல 'ஈர்'னா 'போ'. சரி. அதுல இருந்து 'போகிறேன்' எப்படி வரணும்? ஈன்னு தொடங்கணுமா இல்லையா? 'பொய்'யாம்! எங்கேர்ந்து குதிச்சுது இது?"

"'வா'வுக்கு நிகழ்காலம் சொல்லுங்க."

"வருகிறேன்."

"'வாகிறேன்' இல்லையா?"

"அது திரிபும்மா. வா, வருன்னு திரியும்."

"நம்ம வீட்டுல நடந்தா திரிபு. அடுத்த வீட்டுல நடந்தா ஒழுங்கீனமா?"

ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். கேள்வி கேட்டே பழகிய மனுஷர்.

உண்மையில் அவருடைய கவலை இலக்கணம் இல்லை.

மகள் பூங்கோதை ஸ்பெயினில், செவில் நகரத்தில் இருக்கிறாள். அவளுடைய மகன் மாத்தேயோவுக்கு ஐந்து வயது. தமிழ் தெரியாது. ஞாயிறுதோறும் போனில் ஸ்பானிஷில் கேட்பான், "தாத்தா, வர்றியா?"

"பெங்கோ" என்பார் ஐயா. வருகிறேன்.

"எங்கேர்ந்து?" என்று கேட்பான் பையன்.

"காரைக்கால்லேர்ந்து" என்பார்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. இரண்டு தடவை விசா கிடைக்கவில்லை. போன ஞாயிறு பையன் கேட்கவே இல்லை. தாத்தா சும்மா சொல்கிறார் என்று அம்மாவிடம் சொன்னானாம். அன்று இரவு ஐயா சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை விசா வந்துவிட்டது. "நீங்களே அவன்கிட்ட சொல்லுங்கப்பா" என்றாள் மகள். இன்றைக்கு ஐந்து மணிக்கு அழைப்பாள்.

"பெங்கோ வேண்டாம், ஐயா. போகிறேன்னு சொல்லுங்க. அங்க அப்படித்தான்" என்றாள் நஸ்ரின்.

"குழந்தைகிட்டயா? தெருமுனைக்குக் கிளம்புனாகூட 'போயிட்டு வர்றேன்'னுதானே சொல்றோம்? வெறும் 'போறேன்' நல்லாவா இருக்கு? அதுவும் இதைப் பாருங்க."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஸ்பானிஷ் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைப்பது அவர் வழக்கம். பென்சிலில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: பொய்.

"மூணு வருஷமா ஏமாந்த பையன்கிட்ட இதைப் போய்ச் சொல்லவா?"

நஸ்ரின் எழுந்தாள். கதவைத் திறந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"ஐயா! இங்க வாங்க!"

"இதோ வர்றேம்மா."

பாதிப் படி இறங்கியிருப்பார்.

"அப்படியே நில்லுங்க. உங்க கால் என்ன பண்ணுது? வருதா, போகுதா?"

ஐயா குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டா போகுது. உங்களைக் கேட்டா வருது."

"தமிழ்ல நாம கூப்பிட்டவங்க பக்கத்துல நின்னு பேசுறோம். ஸ்பானிஷ்காரங்க, தன் கால் நிக்கிற இடத்துல நின்னு பேசுறாங்க. அவ்வளவுதான் ஐயா."

படியிலேயே போன் அடித்தது.

திரையில் மாத்தேயோ. வாய் நிறைய ரொட்டி. ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் எண்ணம் இருப்பதாகவும் தெரியவில்லை.

ஐயா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பொய்" என்றார்.

மெல்லுவது நின்றது.

"தெ பெர்தாத்?" உண்மையாகவா?

"பொய்" என்றார் மறுபடி. சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார்.

பையன் போனைக் கீழே போட்டான். திரையில் வெறும் கூரை தெரிந்தது. காலடிச் சத்தம் வீடு முழுக்க ஓடியது. ஒரே சொல்லைக் கத்திக்கொண்டே ஓடியது.

"பியெனே! பியெனே! பியெனே!"

"என்ன சொல்றான், ஐயா?" தெரியாதவள் மாதிரி கேட்டாள் நஸ்ரின்.

ஐயா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தாத்தா வர்றாராம்."