பாறையில் காத்திருந்த அத்தி

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. மத்தியதரைக் கடலோரம், மலை நேராகத் தண்ணீரில் இறங்குகிற ஓர் ஊரில், கோடை வந்தால் மரங்களெல்லாம் வேரைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அப்பாலுள்ள சுனைக்கு நடந்துபோகும். அவற்றுக்கு இருந்தது ஒரே கட்டுப்பாடு. பாறை இடுக்கில் கால் வைத்தால், பொழுது சாய்வதற்குள் அதை எடுத்துவிட வேண்டும். சாய்ந்துவிட்டால் பாறை விடாது.

ஒரு கோடையில் எல்லா மரங்களும் போய்விட்டன. அத்தி மட்டும் பிந்திவிட்டது. அது எப்போதும் அப்படித்தான். யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும்.

மலை விளிம்பில் அது போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று புயல் எழுந்து, பட்டப்பகலில் கடல் இருண்டது. கீழே தெஸ்பினா என்ற பெண் நெருப்புச் சட்டியோடு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றது அத்தி.

"மீன் பிடிக்கப் போன என் வீட்டுக்காரர் இன்னும் கரை சேரல, அக்கா. உச்சியில தீ எரிஞ்சாத்தான் அவருக்குக் கரை தெரியும். ஏறுற தடம் சரிஞ்சு கிடக்கு. சுத்திப் போக நேரமில்ல."

அத்தி ஒரு காலைப் பாறை இடுக்கில் ஊன்றியது. நீளமான வேர் ஒன்றைக் கீழே விட்டது.

"பிடிச்சு ஏறு, தங்கச்சி."

ஏறி வந்தவள் மூச்சு வாங்கச் சொன்னாள்: "தீ பிடிச்சதும் இதே வழியா இறங்கிடுவேன். அதுவரைக்கும் காலை எடுத்துடாதே, அக்கா."

"எடுக்க மாட்டேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துடு."

தீ எரிந்தது. படகு திரும்பி, மலைக்கு மறுபக்கத்துக் கரையில் ஒதுங்கியது. உச்சியிலிருந்து கணவன் மானோலியைக் கண்டவள் அந்தப் பக்கமாகவே இறங்கி ஓடினாள். போன உயிர் திரும்பி வந்திருக்கிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி என்று சும்மாவா சொன்னார்கள்?

புயல் ஓய்ந்து, வெயில் மஞ்சளானது. மேலே கல் உருளும் போதெல்லாம் அவள்தான் என்று அத்தி நிமிர்ந்து பார்த்தது. இப்போது காலை எடுத்தால் சுனைக்குப் போய்விடலாம். எடுத்த பிறகு அவள் வந்தால்? அத்தி காலை எடுக்கவில்லை. பொழுது சாய்ந்தது.

மறுநாள் காலை மானோலி குடிக்கத் தண்ணீர் கேட்டான். குவளையை நிரப்பிய தெஸ்பினாவின் கை அப்படியே நின்றது. குவளையோடு மலைக்கு ஓடினாள். அத்தியின் கால் பாறைக்குள் புதைந்திருந்தது. அடிமரத்தைக் கட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"மறந்துட்டேன், அக்கா. மறந்தே போயிட்டேன்."

அத்தியின் குரல் வறண்டிருந்தது. "நீ விழுந்துட்டியோன்னு பயந்துட்டேன். அவர் வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

"அப்போ சரி."

அதற்குமேல் அது பேசவில்லை. தெஸ்பினா குவளைத் தண்ணீரை வேரில் ஊற்றிவிட்டு வெகுநேரம் அழுதாள்.

அன்று முதல்தான் காட்டத்தி பாறை இடுக்கில் காலூன்றி, வேரைக் கீழே தொங்கவிட்டபடி நிற்கிறது. அந்த மலையில் ஏறுகிறவர்களும் எவ்வளவு தாகமானாலும் ஒரு வாய்த் தண்ணீரை மிச்சம் வைத்து, போன வழியே திரும்பி வந்து அதன் அடியில் ஊற்றுகிறார்கள்.