புளியா, புலியா?

அந்தக் காலத்தில், காட்டு உயிர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, காது கொடுப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. சொல்பவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது. அதன்பிறகுதான் என்ன சொன்னார் என்று யோசிக்க வேண்டும்.

ஆற்றங்கரைப் புளியமரத்தில் ஒரு மந்தி வாழ்ந்தாள். பழம் உலுக்கும்போது "புளி!" என்பாள், புள்ளிமான்கள் ஓடிவந்து தின்னும். வேங்கை தென்பட்டால் "புலி!" என்பாள், மான்கள் சிதறி ஓடும்.

ஒருநாள் பேய்க்காற்று. மந்தி "புலி!" என்று கத்தினாள், இலைச் சலசலப்பில் மான்களுக்கு "புளி" என்று கேட்டது. பொறிச்சி என்ற பெண்மானின் தங்கை ஆசையாக மரத்தடிக்கு ஓடினாள். அவள் திரும்பி வரவேயில்லை.

"நான் சரியாத்தானே சொன்னேன், அக்கா" என்று மந்தி அழுதாள்.

"உன்மேல தப்பில்லம்மா. எங்களுக்குத்தான் கேட்கத் தெரியல. நான் கத்துக்கிறேன்" என்றாள் பொறிச்சி.

மறுநாளிலிருந்து அவள் மந்தியின் வாயிலிருந்து முதல் எழுத்து வந்ததுமே மரத்தை விட்டுத் தப்பி ஓடினாள். பாதி நாள் அது புளியாக இருந்தது. முள்ளில் விழுந்து எழுந்து வருவதற்குள் மற்ற மான்கள் பழத்தைத் தின்று தீர்த்திருக்கும். "கடைசி எழுத்து வர்றதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கூட்டத்தை நடத்தும் கிழட்டு ஆண்மான் கொம்பன் சிரித்தான். அவள் விடவில்லை. வயிறு காய்ந்தாலும் மரத்தடியிலேயே கிடந்து மந்தியைக் கவனித்தாள். புளி என்று சொல்ல வாயெடுத்தால் மந்திக்கு எச்சில் ஊறிக் குரல் குழையும், கிளை குலுங்கும். புலி என்றால் தொண்டை வறண்டுவிடும். மந்தி உறைந்துபோவாள், கிளை ஆடாது.

மழைக்கு முன்னால் மறுபடியும் பேய்க்காற்று வந்தது. கூட்டம் முழுவதும் மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது.

"பு—"

வறண்ட குரல். அத்தனை காற்றிலும் மந்தி கையால் இறுக்கிப் பிடித்த கிளை ஆடவில்லை. பொறிச்சி குளம்பால் தரையை ஓங்கி மிதித்து, வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள்.

"ஓடுங்க!"

"அவ இன்னும் சொல்லி முடிக்கலியே" என்றான் கொம்பன். மீதி எழுத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. ஆனால் முன்னால் பறந்த வெள்ளை வாலைப் பார்த்துக் கூட்டமே ஓடியது, அவனும் ஓடினான். வேங்கை வெறும் தரையில் வந்து விழுந்தது.

மூச்சு வாங்க நின்றபோது கொம்பன் கேட்டான்: "முழுச் சொல்லும் காதுல விழலியே. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

"விழுந்தது ஒரு எழுத்துதான், பெரியவரே. மீதியை அவ குரலையும் கிளையையும் வச்சு நானே சேர்த்துக்கிட்டேன்."

அன்று முதல்தான் மான்கள் மந்தி இருக்கும் மரத்தடியாகப் பார்த்து மேய்கின்றன. அவள் தொண்டையில் முதல் ஒலி வறண்டு உரசியதுமே, மீதிக்குக் காத்திராமல், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன.