வாளிக்குப் போன மீன்

அநியாயம் நடந்தது ஒரு மீனுக்கு.

ஆள்காட்டி விரல் நீளம். மஞ்சள் உடம்பு, தவளை மூஞ்சி. குற்றம்: பாறையைச் சரித்தது. தண்டனை: வாளி. விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை.

தண்டனை கொடுத்தவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி என்பதுதான் இதில் விசேஷம்.

அவர் பெயர் அம்பலவாணன். அண்ணாநகர் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். உள்ளே உப்புத் தண்ணீர், மணல், பாறை, பவளம். பவளம் பண்ணையில் வளர்ந்தது, பில்லோடு வந்தது. கடலில் பெயர்த்ததை அவர் தொடமாட்டார். சட்டம் தெரிந்தவர்.

இந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் ரெக்ஸிலின். தூத்துக்குடிப் பெண்; கொளத்தூரில் வளர்ப்பு மீன்கடை. அவளுக்கு இருபத்தாறு, அவருக்கு அறுபத்து மூன்று. முதலில் கிண்டலாகத்தான் "டீச்சர்" என்று கூப்பிட்டார். போகப் போகக் கிண்டல் உதிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் புகார் வந்துவிட்டது.

"மூணு வாரம், டீச்சர். ஒவ்வொரு பாறையா நானே அடுக்கினது. நடுவுல ஒரு வளைவு, அது உச்சியில காளான் பவளம். புதன்கிழமை காலையில பார்த்தா மொத்தமும் குப்புறக் கிடக்கு. பவளம் அடியில நசுங்கிப் போச்சு. பாறை விழாம நிக்க என்னதான் செய்யணும்?"

"மஞ்சள் மீன் எங்க சார்?"

"குற்றவாளியா? வாளியில."

"அது என்ன பண்ணிச்சு?"

"தோண்டிச்சு. பாறைக்கு அடியில குழி. குழி வாசல்ல எந்நேரமும் அதுதான். என் கண்ணால பார்த்தேன்."

"தோண்டினதையா?"

"நின்னதை."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படிப் பார்க்காதீங்கம்மா. முப்பது வருஷம் தீர்ப்பு எழுதினவன் நான். அதுல ஒண்ணுகூட மேல்கோர்ட்டுல சரிஞ்சதில்லை."

அவள் நேரே பால்கனிக்குப் போனாள்.

வாளி மூடியின் மேல் ஒரு அம்மிக்குழவி. அதை இறக்கி வைத்துவிட்டுத் திறந்தாள். அடியில், பிளாஸ்டிக் சுவரோடு சுவராக, மீன் ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் காற்றுக்குழாய் ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"காத்து யார் சார் போட்டது?"

"வீட்டம்மா. கைதிக்கும் மூச்சு வேணுமாம்."

"கொலைக்கேஸ் ஆகாம இருக்கணுமே!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி வடிவாம்பாள்.

"சாப்பிட்டுதா?"

"மூணு நாளா வாயே திறக்கலை. வீம்பு."

ரெக்ஸிலின் வாளிக்குள் விரலை விட்டாள். மீன் விலகவில்லை.

"இது வீம்பு இல்ல சார். இப்படியே கிடந்தா நாளைக்குக் காலையில இருக்காது. தொட்டியில விட்டுடலாம்."

"விட்டா மறுபடி தோண்டும். வளைவை நேத்துத்தான் திரும்ப நிறுத்தியிருக்கேன்."

"வாளிக்கு வந்தப்புறம் தோண்டல் நின்னுதா?"

"நிக்காம?"

அவள் கூடத்துக்கு வந்து தொட்டியின் முன் குனிந்தாள். விரலால் காட்டினாள்.

புது வளைவின் காலடியில் மணல் குவிந்திருந்தது. எறும்புப் புற்றின் வாசலில் கிடக்குமே, அப்படி.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"நேத்து இது இல்லையே."

"மீன் வாளியிலதானே இருந்துச்சு?"

"மூடி போட்டு."

"குழவி வச்சு," என்றது அடுக்களை.

ரெக்ஸிலின் தொட்டியின் விளக்கை அணைத்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நீதிபதியும் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஆட்சேபித்தன.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மணல் அசைந்தது. குழிக்குள்ளிருந்து ஒரு சின்ன எறால், இரண்டு கொடுக்காலும் மணலை அணைத்துத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்தது. அங்கே நின்றது. நீள மீசையை வலப்பக்கம் வீசியது, இடப்பக்கம் வீசியது. எதிலும் படவில்லை. மணலைப் பாதியில் போட்டுவிட்டுப் பின்வாங்கிக் குழிக்குள் ஓடிப்போயிற்று.

"இது இன்னும் உயிரோட இருக்கா?"

"ரெண்டையும் சேர்த்துத்தானே கொடுத்தேன்?"

"கண்ணுலயே படலை. அன்னைக்கே செத்துப்போச்சுன்னு நினைச்சேன். இப்ப எதைத் தேடுது?"

"மீனை. இதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார். மீன் வாசல்ல நின்னு பார்த்துக்கும். இது மீசையை மீன் மேல வச்சுக்கிட்டே வேலை செய்யும். ஏதாவது வந்தா மீன் வாலை ஒரு ஆட்டு ஆட்டும், இது உள்ள போயிடும். தோண்டுறது இது. அது வெறும் காவல்."

நீதிபதி தரையில் கையை ஊன்றினார். பிறகு எழுந்தார்.

"அப்போ ஆள் இவன். பிடிங்க இவனை. மீன் வெளியே, இவன் உள்ளே."

"வாளி சும்மா இருக்கக் கூடாது, யாராவது கிடைச்சாப் போதும்," என்றபடி வடிவாம்பாள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

ரெக்ஸிலின் காபியைத் தொடவில்லை.

"சார், பாறையை எது மேல வச்சீங்க?"

"மணல் மேல."

"முதல்ல மணலா, பாறையா?"

"மணல். மணலைக் கொட்டி, ரசமட்டம் வச்சுச் சமன் பண்ணி, அப்புறம்தான்…"

நிறுத்திவிட்டார்.

முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள். தொட்டியடியில் வெறும் கண்ணாடி மேலேயே பாறையை வைங்க, மணல் அப்புறம்.

"மனசு வரலைம்மா. வந்த விருந்தாளியை வெறுந்தரையில உட்காரச் சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான் பாய் விரிச்சேன்."

"ம்."

"நீங்களும் காரணம் சொல்லலையே."

"நீங்களும் கேக்கலையே சார்."

நீதிபதி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பவளங்களை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் தொட்டித் தண்ணீர் ஊற்றிய சட்டியில் வாங்கி வைத்தாள். அதற்கு மேல் உதவவில்லை. எறாலின் குழி இருந்த இடத்தை மட்டும் தொடவிடவில்லை. அவர் வளைவைப் பிரித்தார். தோள்வரை கையை விட்டு மணலை ஒதுக்கினார். கண்ணாடி தட்டுப்பட்டது. பெரிய பாறையை இறக்கி, ஆட்டிப் பார்த்து, திருப்பி, மறுபடி இறக்கினார். மெல்ல "டொக்" என்றது. அதன்மேல் அடுத்தது. வளைவு முன்பைவிட ஒரு சாண் தாழ்ந்துதான் வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு மணலைப் பாறையின் காலைச் சுற்றிப் போட்டார்.

வாளியை அவரேதான் தூக்கி வந்தார். அவரேதான் சாய்த்தார்.

மீன் மணலில் விழுந்து கிடந்தது. ஒரு செவுள் அசைந்தது. வடிவாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு மீன் ஒரு தரம் உடம்பை உதறியது. அக்கம்பக்கம் பார்க்கவில்லை. நேரே குழி வாசலுக்குப் போய் நின்றது.

உள்ளிருந்து ஒரு மீசை வந்து அதன் வால்மேல் படிந்தது.

சாயங்காலத்துக்குள் எறால் பெரிய பாறையின் காலடியை ஒரு பக்கம் சுத்தமாகப் பறித்துவிட்டது. கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. பாறை அசையவில்லை.

ரெக்ஸிலின் கிளம்பினாள். நீதிபதி வாசல்வரை வந்தார். ஈரச் சட்டையோடு நின்றார்.

"டீச்சர், அப்பவே ஒண்ணு சொன்னேன். நீங்க பதில் சொல்லலை."

"எது சார்?"

"என் தீர்ப்பு. முப்பது வருஷம். ஒண்ணுகூடச் சரியலையே. அதெல்லாம் அப்போ சரியாத்தானே வச்சிருக்கேன்?"

அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டாள்.

"அங்க தோண்டுறதுக்கு யாரும் வரலையோ என்னவோ, சார்."