தும்பை கட்டிய மூன்று பூச்சிகள்

மீன்களுக்கெல்லாம் கண்ணில் இமை இருந்த காலம் அது. பொழுது சாய்ந்தால் அவையும் நம்மைப் போலக் கண்ணை மூடித் தூங்குமாம். அவ்வளவு வெகு காலத்துக்கு முன்னால், பனிமலை என்றொரு ராஜ்யத்தில், ஓடைக்கரை ஓரமாக ஒரு புருஷனும் பெண்சாதியும் குடியிருந்தார்கள். அவன் பெயர் மருதப்பன். அவள் பெயர் தும்பை.

அவள் பூச்சி கட்டுவாள். அவன் மீன் பிடிப்பான். பூச்சி கட்டுவதா, அது என்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மலை ஓடை மீன் மண்புழுவுக்கு மயங்காது. தண்ணீர் மேல் வந்து உட்காரும் சின்னஞ்சிறு பூச்சிகளைத்தான் எம்பிப் பிடித்துத் தின்னும். அந்தப் பூச்சியைத் தூண்டில் முள்ளில் குத்தலாமென்றால் அது கொசு அளவுதான், குத்தினால் கூழாகிவிடும். அதனால் தும்பை ஒரு குட்டி முள்ளை எடுத்து, அதன்மேல் காட்டுக்கோழி இறகும் முயல் ரோமமும் வைத்துப் பட்டு நூலால் கட்டுவாள். பார்த்தால் பூச்சி. உள்ளே முள்.

நூலைச் சுற்று, இறகைச் சுற்று, கழுத்தில் ஒரு சிவப்பு முடிச்சு. அந்தச் சிவப்பு முடிச்சுதான் தும்பையின் அடையாளம். கட்டும் முன்னால் முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் உரசிப் பார்ப்பாள். நகத்தில் நின்றால் கூர், வழுக்கினால் மொட்டை. மொட்டை முள்ளைத் தூக்கிப் போட்டுவிடுவாள்.

தும்பைக்குக் கை எவ்வளவு நிதானமோ, மனசு அவ்வளவு பதற்றம். புருஷன் தூண்டில் கோலை எடுத்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

"ஏங்க, பாறை வழுக்கும். இடுப்புக்கு மேல தண்ணியில இறங்காதீங்க. மேகம் கறுத்தா வந்துடுங்க."

"ஏன், என் இடுப்புல ஒரு நூலைக் கட்டி வீட்டுல இருந்தே இழுத்துக்கோயேன்!" என்பான் அவன்.

"கட்டத்தான் போறேன் ஒரு நாள்!"

மருதப்பன் நல்லவன்தான். ஒரே ஒரு குறை, வாய் நிற்காது. அதிலும் பெண்சாதி கட்டிய பூச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போச்சு. இப்படித்தான் ஒரு நாள், மலை உச்சியில் இருக்கும் கண்ணாடிச் சுனைக்குப் போனான். அங்கே நீராண்டி என்று ஒரு மந்திரவாதி இருந்தான். தாடி பாசி நிறம். சுனையும் மீனும் அவன் சொன்னபடி கேட்கும்.

"இறகைக் காட்டி மீனை ஏமாத்துறியாமே? மீன் என்ன அவ்வளவு முட்டாளா?" என்றான் நீராண்டி.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வந்தானா?

"மீன் என்ன சாமி, எங்க வீட்டுக்காரி கட்டின பூச்சிக்கு நீங்களே ஏமாந்துடுவீங்க!" என்றான்.

நீராண்டிக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட ஆசை அதிகமாக வந்தது, அதெப்படி என்று பார்த்துவிடும் ஆசை. உடனே ஒரு பெரிய மீனாக மாறிச் சுனையில் குதித்தான். மருதப்பன் கோலை வீசினான். பூச்சி தண்ணீரில் மெல்ல இறங்கியது. நீராண்டி கீழேயிருந்து பார்த்தான். பொய் என்று தெரியும். தெரிந்தும் நாக்கில் எச்சில் ஊறியது. லபக்!

முள் உதட்டில் ஏறியது. நூல் அறுந்தது. துள்ளிக் கரையேறி மனுஷனாக மாறினால், மேலுதட்டில் சிவப்புக் கழுத்தோடு பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது! மருதப்பன் சும்மா இருந்தானா? "சொன்னேனா இல்லையா!" என்று சிரித்தான்.

"மீனாப் போ!" என்றான் நீராண்டி. மருதப்பன் மீனாகிப் போனான்.

மேகம் கறுத்தது. புருஷன் வரவில்லை. தும்பை பூச்சி கட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். சுனைக்கரையில் அவன் கோல் கிடந்தது, செருப்பு கிடந்தது. பாறை மேல் நீராண்டி வாயைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க வீட்டுக்காரர் எங்கே, சாமி?"

"உள்ளே," என்று சுனையைக் காட்டினான்.

தும்பை எட்டிப் பார்த்தாள். கண்ணாடி போலத் தண்ணீர். எத்தனையோ மீன்கள் நீந்தின. அதில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு மீசை இருந்தது. வலப்பக்க மீசை நீளம், இடப்பக்க மீசை குட்டை. மருதப்பனுக்கும் அப்படித்தான். அடுப்பு ஊதப்போய் இடப்பக்க மீசையைப் பொசுக்கிக்கொண்டவன் அவன்.

"ஐயோ, இந்தக் குளிர்த் தண்ணியிலா!" என்று அழுதாள் தும்பை. "சளி பிடிக்குமே!"

"மீனுக்குச் சளி பிடிக்காது," என்றான் நீராண்டி எரிச்சலாக. "உன் பூச்சிதானே பெரிய பூச்சி? அவனையே பிடி. வலை கூடாது, உயிருள்ள இரை கூடாது, தண்ணியில இறங்கவும் கூடாது. மூணு வீச்சு. உன் நூலைப் பிடிச்சுக்கிட்டு அவன் கரைக்கு வந்தா மனுஷன். மூணாவது வீச்சும் வீணானா அவனுக்குத் தன் பேரே மறந்துடும். அப்புறம் என்னைக்கும் மீன்தான்."

தும்பை கட்டியிருக்கிறாளே தவிர, வீசியதே இல்லை. ஆனாலும் உட்கார்ந்து கட்டினாள். மயில் தோகை இழை, தங்க ஜரிகை, மீன்கொத்தியின் நீல இறகு. நூலைச் சுற்று, இறகைச் சுற்று, கழுத்தில் ஒரு சிவப்பு முடிச்சு. ராணியின் காதில் மாட்டலாம், அவ்வளவு அழகு! வீசினாள். பூச்சி ஒரு புதரில் மாட்டி, அதிலிருந்து விடுபட்டுத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. மீன்களெல்லாம் சிதறி ஓடின.

"ஒண்ணு!" என்றான் நீராண்டி.

தும்பை யோசித்தாள். எனக்கு அழகாகத் தெரிவது மீனுக்கு எப்படித் தெரியும்? தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வானம் எப்படி இருக்கும்? மீன் இன்றைக்கு என்ன சாப்பிட்டிருக்கும்? வீட்டில் உட்கார்ந்து இத்தனை கட்டியவள், இதையெல்லாம் ஒரு நாளும் கேட்டதில்லை. சுனையில் வந்து விழும் ஓடைக்குப் போய் ஒரு கல்லைப் புரட்டினாள். அடேயப்பா! கல்லின் அடியில் ஒரு ஊரே இருந்தது. தட்டையாகச் சிலது, வால் முளைத்துச் சிலது, இறகு விரிக்கத் தயாராகச் சிலது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்தக் கல்லை இருந்தது போலவே, இருந்த பக்கமாகவே மெதுவாக வைத்தாள்.

"நல்லா இரு, தாயி," என்றது ஒரு குரல்.

பார்த்தால் ஒரு புழு. மணலும் பொடிக்கல்லும் ஒட்டி ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, தலையை மட்டும் நீட்டியிருந்தது.

"வர்றவங்க எல்லாம் கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிடுறாங்க. நீதான் திரும்ப மூடுனே. என்ன வேணும், கேளு."

"புழு அண்ணே, இன்னைக்கு மீனுங்க என்ன சாப்பிடுதுங்க?"

"சாம்பல் இறகுப் பூச்சி. வெயில் ஏறினதும் தண்ணியிலருந்து கிளம்பும். நெல்லுமணி அளவு, வால் ரெண்டு."

"இன்னொண்ணு கேட்கட்டுமா? மீனுக்குப் பசிச்சாத்தான் வாயைத் திறக்குமா?"

"அதெப்படி? உனக்குக் கை இருக்கு, தொட்டுப் பார்க்கிறே. பிடிச்சுக்கணும்னா பிடிச்சுக்கிறே. அதுக்கு எல்லாம் வாய்தானே, தாயி," என்றது புழு. சொல்லிவிட்டுச் சட்டைக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

தும்பை இரண்டாவது பூச்சியைக் கட்டினாள். ஜரிகை இல்லை, மயில் இல்லை. சாம்பல் இறகு, நெல்மணி அளவு, வால் இரண்டு. நூலைச் சுற்று, இறகைச் சுற்று, கழுத்தில் ஒரு சிவப்பு முடிச்சு. மேகம் கலைந்து வெயில் ஏறியது. நிஜப் பூச்சிகள் கிளம்பின. அவற்றின் நடுவே தன் பூச்சியை வீசினாள். இந்தத் தடவை அது பூ உதிர்வது போல இறங்கியது. நிஜம் எது, பொய் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

மீசைக்கார மீன் வந்தது. பூச்சிக்கு நேர் கீழே நின்றது. பார்த்தது. மீன் வாலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது! பின்னால் வந்த ஒரு கொழுத்த மீன் பூச்சியைக் கவ்வி மாட்டிக்கொண்டது. தும்பை கையை ஈரமாக்கிக்கொண்டு அதன் வாயிலிருந்து முள்ளை எடுத்து, அதைத் தண்ணீரில் விட்டாள்.

"ரெண்டு!" என்று சிரித்த நீராண்டி, "ஆ!" என்று உதட்டைப் பிடித்துக்கொண்டான். சிரித்தால் வலித்தது.

தும்பைக்கு அழுகை முட்டியது. ஊர் மீனெல்லாம் ஏமாறும் பூச்சிக்கு இவர் ஏன் ஏமாறவில்லை? பசியில்லையா? என் மேல் கோபமா? அழுதுகொண்டே மூன்றாவது முள்ளை எடுத்து, வழக்கம் போல நகத்தில் உரசினாள். முள் நகத்தில் நின்றது. கூர்.

அங்கேயே அவள் கையும் நின்றது.

நான் கட்டும் பூச்சிக்குள் முள் இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இந்தச் சுனையில் எந்த மீன் ஏமாந்தாலும், அவர் ஒருவர் மட்டும் ஏமாறவே மாட்டாரே!

முள்ளைத் தூக்கி எறிந்தாள். இறகைத் தூக்கி எறிந்தாள். சிவப்பு நூலை மட்டும் எடுத்தாள். நூலைச் சுற்று, நூலைச் சுற்று, முடிச்சின் மேல் முடிச்சு. தேன்மெழுகைத் தடவினாள், தண்ணீரில் மிதக்கவேண்டுமே. பார்த்தால் அது பூச்சியாகவே இல்லை. தும்பையின் சிவப்பு முடிச்சு, அவ்வளவுதான்.

"முள் எங்கே?" என்றான் நீராண்டி. மூடியிருந்த துணி நழுவியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. "முள் இல்லாமல் எப்படிப் பிடிப்பே?"

"நான் பிடிக்கலை, சாமி," என்றாள் தும்பை. "அவர் பிடிச்சுக்குவார்."

வீசினாள். இரும்பின் கனம் இல்லாததால் முடிச்சு தண்ணீருக்கு மேலேயே நின்று ஆடியது. மற்ற மீன்கள் வந்து பார்த்து, இது என்ன சாப்பாடா சாமானா என்று விலகின. மீசைக்கார மீன் வந்தது. ஒரு பக்கமாகப் பார்த்தது. மறு பக்கமாகப் பார்த்தது. அடியில் போய்ப் பார்த்தது. பிறகு எம்பவுமில்லை, பாயவுமில்லை. குழந்தை விரலைப் பிடித்துக்கொள்வது போல, மெதுவாக வாயால் பிடித்துக்கொண்டது.

தும்பை இழுத்தாள். நீராண்டி பாறையிலிருந்து குதித்து வந்தான். முள் இல்லையே, வாயைத் திறந்தால் போதுமே! ஒரு கொழுத்த நிஜப் பூச்சியை மீனின் மூக்கின் முன்னால் பறக்கவிட்டான். மீன் வாயைத் திறக்கவில்லை. குளிர்நீரைச் சுழலவிட்டு அதன் வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டினான். மீன் நெளிந்தது, வாயைத் திறக்கவில்லை. கடைசியாகக் குனிந்து, "ஏ மருதப்பா! உன் பெண்சாதி கட்டினதிலேயே இதுதானே கோணல்?" என்று கத்தினான்.

ஐயோ! அதற்குப் பதில் சொல்லாமல் அவனால் இருக்க முடியுமா? மீனின் செவுள் துடித்தது. மீசை இரண்டும் விறைத்தன. ஆனால் வாழ்க்கையில் முதல் முறையாக மருதப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

மீனின் வயிற்றில் கரை மணல் தட்டியது. அங்கே மீன் இல்லை. தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட மருதப்பன் கிடந்தான், பல்லிடுக்கில் சிவப்பு நூலோடு.

நூலைத் துப்பிவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை, "கோணலா? யாரைப் பார்த்துக் கோணல்னான் அவன்?"

"முதல்ல தலையைத் துவட்டுங்க," என்றாள் தும்பை. அழுதுகொண்டே முந்தானையால் துவட்டினாள்.

நீராண்டி ஒரு ஓரமாக உதட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மந்திரத்துக்கு மலையே நகரும், இரும்பு மட்டும் நகராது. முள்ளைப் பிடுங்க அவனால் முடியவில்லை. யாரிடமும் கேட்கவும் வெட்கம்.

தும்பை அவன் கிட்டே போனாள். "காட்டுங்க, சாமி. சீழ் வச்சுடும்."

முள்ளின் வளைவில் ஒரு நூலை மாட்டினாள். முள்ளின் தலையை ஒரு விரலால் கீழே அழுத்தினாள். "அதோ பாருங்க, உங்க மீனு!" என்றாள். அவன் திரும்பிய நொடியில் நூலைச் சுண்டினாள். முள் வந்த வழியே வெளியே வந்துவிட்டது.

நீராண்டி உதட்டைத் தொட்டுப் பார்த்தான். வலியில்லாமல் முதல் தடவையாகச் சிரித்தான். "என்ன வரம் வேணும், தாயி?"

"எங்க வீட்டுக்காரர் எந்தத் தண்ணியில நின்னாலும் பாறை வழுக்கக் கூடாது," என்றாள் தும்பை. வேறென்ன கேட்பாள் அவள்?

"ஆகட்டும்," என்றான். அதோடு அந்தச் சுனையையும் ஓடையையும் அவர்கள் பொறுப்பில் விட்டான். அதன்பிறகு அங்கே மீன் பிடிக்க வந்தவர்கள் தும்பையிடம்தான் பூச்சி வாங்கினார்கள், புரட்டிய கல்லைத் திரும்ப வைத்தார்கள். மருதப்பன் வழக்கம் போல நாளெல்லாம் பேசினான். கோபம் வந்தால் மட்டும் ஒரு சிவப்பு நூலைப் பல்லில் கடித்துக்கொள்வான்.

அப்படியானால் மீன்களின் இமை என்ன ஆயிற்று என்கிறீர்களா? முள்ளும் இல்லாத, இரையும் இல்லாத ஒரு முடிச்சை ஒருவன் வாயால் பிடித்துக்கொண்டு கரையேறிப் போனதை அன்றைக்கு எல்லா மீன்களும் பார்த்தன. இதென்ன அதிசயம் என்று விழித்த கண்ணை அவை இன்னும் மூடவில்லை. சந்தேகமாக இருந்தால் ஓடைக்குப் போய்ப் பாருங்கள். போகும்போது பார்த்துப் போங்கள், பாறை வழுக்கும்.