தேய்ந்தது எங்கே போயிற்று

“இந்த டயருக்கு என்னங்க குறை, அம்மணி?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

பிலோமினா குனிந்து, முன் டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம்தான் வளைந்தது. இறுகிப்போன ரப்பரில் ஒரு தடமும் விழவில்லை.

“அது எனக்கும் தெரியுமுங்க,” என்றார் அவர்.

தெரிந்துகொண்டே கேட்கிறவரை என்ன செய்வது? அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. கோயமுத்தூரில் பம்பு செய்யும் பட்டறை வைத்திருப்பவர், நாற்பது ஆட்களை வேலை வாங்கிப் பழகியவர். கேட்கப்பட்டவளுக்கு முப்பத்தாறு. போத்தனூர்க்காரி. ஊருக்குத் தெற்கே உள்ள பந்தயத் தடத்தின் ஓரத்தில், ஒரு தகர ஷெட்டில் டயர் மாட்டுகிறாள். குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அப்போதுதான் அரும்பியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தடத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தம்மாவிடம் டயர் வாங்கப் போனால், டயருக்கு முன்னால் நாலு கேள்வியை வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்பார்கள்.

நாச்சிமுத்துவின் வண்டி இரண்டே பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, ஏ.சி. கிடையாது, மூன்றாவதாக ஒரு டிபன் பாக்ஸ் வைக்க இடம் கிடையாது. மொத்த எடை எழுநூறு கிலோதான். அன்று காலை மூன்றாம் வளைவில் அது பம்பரமாகச் சுற்றி, தடத்தை விட்டு இறங்கி, மணலில் போய்ப் புதைந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி வந்து டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த நாலையும் மாற்றாமல் இனி தடத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதிகாரி சொன்னதில் தப்பே இல்லை. மாற்றினால் மத்தியானமே ஓட்டலாம். மாற்றாவிட்டால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் உறை போட்டு மூட வேண்டியதுதான். நாச்சிமுத்துவுக்கு இரண்டும் முடியவில்லை.

ஏனென்றால் அந்த வண்டி அவருடையது அல்ல, தம்பி திருமூர்த்தியினுடையது. அந்த டயர்கள் திருமூர்த்தி கடைசியாக மாட்டி ஓட்டியவை.

திருமூர்த்தி இறந்து மூன்று வருடம். வண்டிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை. மூளையில் வந்த கட்டி எட்டே மாதத்தில் கொண்டுபோய்விட்டது. இருந்த காலத்தில் அவன் பத்து வருடம் இந்தத் தடத்துக்கு வந்து போனான். ஒவ்வொரு முறையும் அண்ணனைக் கூப்பிட்டான். காசைக் கரியாக்குகிற வேலையை நான் வந்து வேறு பார்க்க வேண்டுமா என்று அண்ணன் கேட்டார். ஒரு நாள்கூட வரவில்லை.

தம்பி போன பிறகு வந்தார். ஒன்றரை வருடம் உறைக்குள் கிடந்த வண்டியை வெளியே எடுத்து, ஓட்டப் பழகி, அடுத்த ஒன்றரை வருடமாக மாதம் இரண்டு ஞாயிறு தவறாமல் வருகிறார். தம்பியின் சட்டைகள் அவன் மனைவியிடம் இருந்தன. கைக்கடிகாரம் மகனிடம் இருந்தது. அவன் ஓட்டி ஓட்டித் தேய்த்த இந்த நாலு டயர்தான் அண்ணன் கையில் இருந்தது. இதையும் கழற்றிப் போட்டுவிட்டால் அவன் முழுதாகப் போய்விடுவான் என்று அவருக்குத் தோன்றியது.

இதையெல்லாம் அவர் பிலோமினாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

“சரிங்க, மாத்தறதுன்னா நல்லதா மாத்தோணும்,” என்றார். பக்கத்தில் நின்ற பெரிய காரைக் காட்டினார். அன்று காலை எல்லோரையும் முந்தியது அதுதான். அதன் டயர் ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் அகலம் இருந்தது. அதே டயர் தனக்கும் வேண்டும் என்றார்.

“நாலு பேரு சோத்துக்குக் கல்யாண அண்டாவை அடுப்புல ஏத்துனா, எப்பங்ணா கொதிக்கும்?” என்றாள் பிலோமினா.

அவர் விழித்தார். அவள் விளக்கினாள். பந்தய டயர் சூடேறினால்தான் தரையைப் பிடிக்கும். அந்தப் பெரிய வண்டிக்குக் கனம் இருக்கிறது, மூன்று சுற்றில் டயரைச் சுட வைத்துவிடும். இந்தச் சின்ன வண்டி நாள் முழுக்கச் சுற்றினாலும் அந்த டயருக்குச் சூடு ஏறாது. கனமில்லாத வண்டிக்கு அகலம் குறைந்த டயர்தான் வேலை செய்யும்.

அவர் தலையாட்டினார். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஒன்று கழிந்தது.

அடுத்து அவள் மெத்தென்ற டயர் ஒன்றைக் காட்டினாள். இது ஒரே வருடத்தில் தேய்ந்து போகுமே என்றார். தேயாத டயர் வேண்டுமென்றால் சுவரில் மாட்டித்தான் வைக்க வேண்டும் என்றாள் அவள். பிறகு அவரே போய் ஒரு மூலையில் கிடந்த சாதாரண ரோட்டு டயரைத் தட்டிப் பார்த்து, இது பல வருடம் உழைக்கும் என்று புகழ்ந்தார். காலையில் மணலில் புதைந்தது ஞாபகம் வந்து, தானாகவே அதை விட்டு விலகினார்.

கடைசியாக அவள் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். திருமூர்த்தி மாட்டிய அதே ரகம், அதே அகலம். ரொம்ப மெதுவும் இல்லை, ரொம்பக் கடினமும் இல்லை. நகத்தால் அழுத்தினாள். பிறைபோல ஒரு தடம் விழுந்தது.

“உங்க வண்டிக்கு இதுதானுங்ணா.”

நாச்சிமுத்து டயரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை.

“ரொம்பக் கருப்பா இருக்குதுங்களே,” என்றார்.

டயர் கருப்பாக இருக்கிறது என்று குறை சொன்னவரை அவள் இத்தனை வருடத் தொழிலில் பார்த்ததில்லை. ஆனாலும் சிரிக்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“அது என்ற தம்பி ஓட்டித் தேஞ்ச டயருங்க, அம்மணி.”

“தெரியுமுங்ணா. அந்த நாலையும் அவருக்கு மாட்டி விட்டது நான்தான்.”

அவர் டம்ளரைப் பிடித்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றரை வருடமாக இவளைத் தாண்டித்தான் வண்டியை உள்ளே விடுகிறார். ஒரு நாளும் அவள் இதைச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. வருத்தத்தை மூடி வைப்பதில் மனிதர்களுக்குள்ள சாமர்த்தியத்தைச் சொல்லி முடியாது.

பழசைக் கழற்றும்போது தம்பி என்ன செய்வான் என்று கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்றாள் அவள். புதுசு மாட்டுகிற அவசரத்தில் டீகூடக் குடிக்காமல் போய்விடுவாராம். அது திருமூர்த்திதான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பிலோமினா எழுந்தாள். புது டயரை வண்டியின் பழைய டயரோடு சேர்த்து நிறுத்தினாள். அவர் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைப் புது டயரின் பள்ளத்துக்குள் வைத்தாள். விரலின் நகம் முழுதும் உள்ளே போயிற்று. அதே விரலைப் பழைய டயரின் பள்ளத்தில் வைத்தாள். நகத்தின் நுனிகூட மறையவில்லை.

“இதுக்கும் அதுக்கும் நடுவுல இருந்த ரப்பரு எங்கீங்ணா?”

“தேஞ்சு போச்சு.”

“எங்க போச்சு?”

“எங்கன்னா... போச்சுங்க. தேஞ்சு போனது எங்க போகும்?”

அவள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தாள். பின்னால் வா என்றும் சொல்லவில்லை. நாற்பது பேரை வேலை வாங்குகிறவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனார்.

சாப்பாட்டு நேரம். தடத்தில் ஒரு வண்டியும் இல்லை. கொடி காட்டுபவரிடம் அனுமதி கேட்டுவிட்டு இருவரும் தாரில் இறங்கினார்கள். இத்தனை நாள் நொடியில் கடந்து போன பாதை நடந்தால் எவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வெயில் காலுக்கடியிலிருந்தும் வந்தது. தடத்தின் ஓரமெல்லாம் உதிர்ந்த ரப்பர் துகள்கள் எலிப்புழுக்கை மாதிரி சிதறிக் கிடந்தன.

மூன்றாம் வளைவில் அவள் நின்றாள்.

மற்ற இடத்தில் தார் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. வளைவுக்குள் மட்டும் ஒரு கருப்புப் பட்டை, பாய் அகலத்துக்கு வளைந்து போயிற்று. எத்தனையோ வருடம், எத்தனையோ வண்டிகள், ஒரே வழியில் திரும்பித் திரும்பிப் போட்ட கருப்பு.

“தேஞ்சது இங்கதானுங்ணா இருக்குது.”

நாச்சிமுத்து அதைப் பார்த்தார். நூறு முறை இதன்மேல் ஓட்டியிருக்கிறார். ஒரு முறையும் பார்த்ததில்லை.

“இதுல என்ற தம்பியோடது எது?”

“அது எனக்குத் தெரியாதுங்ணா. யாருக்கும் தெரியாது. எல்லாரோடதும் ஒண்ணாக் கெடக்குது. உங்களோடதும் இருக்குது.”

“மூணு மழைக்காலம் போயிருச்சே. கழுவிட்டுப் போயிருக்கும்.”

“மேலாப்புல இருந்தது போயிருக்கும். ஜல்லிக்குள்ள எறங்குனது போகாது.”

அவர் யோசித்தார். பட்டறைக்காரர் மூளை, அளவில்லாமல் ஒன்றையும் ஒப்புக்கொள்ளாது. புது டயரின் பள்ளத்தில் புதைந்த விரல் நினைவுக்கு வந்தது. பழைய டயரில் புதையாத விரலும் நினைவுக்கு வந்தது.

“அப்ப, அந்த டயர்ல இப்ப மிச்சம் இருக்கறது?”

“அவரு தொடாத ரப்பருங்ணா.”

காற்றே இல்லை. தூரத்தில் யாரோ டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து மெதுவாகக் குந்தினார். முழங்கால் இரண்டும் சடசடத்தன. உள்ளங்கையை அந்தக் கருப்பின்மேல் வைத்தார். சுட்டது. எடுக்கவில்லை. அப்புறம் அழுதார். தம்பியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்றுகூட அவர் அழவில்லை. அன்று வேலைகள் நிறைய இருந்தன, எல்லாவற்றையும் அவர்தான் பார்க்க வேண்டியிருந்தது. இன்று பார்க்க ஒரு வேலையும் இல்லை.

பிலோமினா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“காலைல நான் எங்க வழுக்குனேன்?” என்று கேட்டார் கொஞ்ச நேரம் கழித்து.

அவள் ஷூ நுனியால் காட்டினாள். கருப்புப் பட்டையின் நடுவிலேயே தொடங்கி, குறுக்காக ஓடி, மணலில் போய் முடிந்தது அவர் வண்டியின் தடம். வெளுத்த, மெல்லிய கீறல்.

“சரியாத்தானுங்ணா வந்திருக்கீங்க. அவரு போன வழியிலதான் வந்திருக்கீங்க. டயருக்குத்தான் பிடிமானம் இல்ல.”

அவர் எழுந்தார். உள்ளங்கை கருத்திருந்தது. துடைக்கவில்லை.

“ரெண்டு மணிக்குள்ள நாலையும் மாட்ட முடியுங்களா, அம்மணி?”

“ஒண்ணரைக்கே முடியுமுங்ணா. முதல் ரெண்டு சுத்து மட்டும் மெதுவாப் போங்க. சூடேறட்டும்.”

திரும்பி நடந்தார்கள். வாசலில் போட்ட கோலத்தை மிதிக்க மனம் வராதவர்போல, நாச்சிமுத்து கருப்புப் பட்டையை விட்டு விலகி ஓரமாகவே நடந்தார். நாலடி போவதற்குள் ரப்பர் துகளில் கால் சறுக்கியது. விழப் பார்த்தவரை பிலோமினா முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அதுமேலயே வாங்ணா,” என்றாள். “அதுமேலதான் புடிக்கும்.”